ஆய்வுக் கட்டுரை எங்கே போய்ச் சேர வேண்டும்?

மரக்காணம் உப்பளங்களுக்கு உப்பு வாரும் தொழிலாளர்களையும் வியாபாரிகளையும் தவிர வேறு சிலரும் வந்துபோகின்றனர். சென்னை, புதுச்சேரி வட்டாரத்துக் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் சேர்ந்த ஆய்வு மாணவர்கள் அவர்கள். செறிந்த உப்புநீரில் உயிர்வாழும் நுண்ணுயிர்களைத் தேடி ஒருவர் வருவார். பாத்தி நீருக்குச் செம்மை நிறம் ஏற்றும் துனாலியெல்லா என்னும் நுண்பாசியைத் தேடி மற்றொருவர் வருவார். பக்கத்துக் கழுவெளி ஏரியில் வலசைப் பறவைகளைக் கணக்கெடுப்போரும், வெயிலில் நாள் முழுதும் நிற்கும் உப்பளத் தொழிலாளர்களின் உடல்நிலையையும் கூலியையும் ஆராய்வோரும் உண்டு.

இவ்வளவு உழைப்புக்குப் பிறகு கிடைக்கும் முடிவுகள் கட்டுரையாக எழுதப்படுகின்றன. அந்தக் கட்டுரையை எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது என்பது பொதுமக்களுக்குத் தொடர்பில்லாத, கல்வித் துறையின் உள்விவகாரம் போலத் தோன்றலாம். அப்படியன்று. ஓர் ஆய்வு மருத்துவரின் கண்ணில் படுமா, அரசாணை வரைபவரின் மேசைக்கு வருமா, அல்லது எவரும் நம்பாத ஓர் இணையப் பக்கத்தில் புதைந்துபோகுமா என்பதை அந்த ஒரு முடிவே பெருமளவு தீர்மானிக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலைப் பார்த்து இதழைத் தேர்ந்த காலம் 2025 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. இப்போது இந்தக் கேள்வி ஒவ்வொரு கல்லூரியின் முன்னும் நிற்கிறது.

பட்டியல்களின் கதை

முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்கும் முன், துறை வல்லுநர்களின் மதிப்பாய்வுக்கு உட்பட்ட ஆய்விதழ் ஒன்றில் குறைந்தது ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று மானியக் குழுவின் 2009, 2016 ஆண்டு விதிமுறைகள் கூறின. ஆசிரியர் பணி நியமனம், பதவி உயர்வு ஆகியவற்றுக்கான 2018 விதிமுறைகள், ஒரு கட்டுரைக்கு அறிவியல் துறைகளில் 8 புள்ளிகளும், மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளில் 10 புள்ளிகளும் வழங்கின. இவ்வாறு கட்டுரை என்பது வேலைக்கும் பதவி உயர்வுக்குமான நாணயமாக மாறியது. நாணயத்துக்கு மதிப்புக் கூடினால் கள்ள நாணயம் அச்சடிப்போர் தோன்றுவது இயல்பு.

இதைத் தடுக்க, ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் பட்டியலை மானியக் குழு 2017-இல் வெளியிட்டது. அதில் 38,000-க்கும் மேற்பட்ட இதழ்கள் இடம்பெற்றன. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த இதழ்களும் அவற்றுள் அடக்கம். அந்தப் பரிந்துரைப் பகுதியை ஆராய்ந்து ‘கரன்ட் சயன்ஸ்’ இதழில் 2018 மார்ச்சில் வெளிவந்த கட்டுரை, அதில் ஆராயப்பட்டவற்றுள் 88 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை தரமற்றவையாக இருக்கக்கூடும் என்று காட்டியது. அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2019-இல் ‘கேர்’ என்ற புதிய பட்டியல் நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்ட மானியக் குழு, இதழைத் தேர்வதற்கான அளவுகோல்களை மட்டும் ஆலோசனையாக வழங்கி, முடிவெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது.

இதற்கிடையே 2022 நவம்பரில் வந்த முனைவர் பட்ட விதிமுறைகள், ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிடும் கட்டாயத்தை நீக்கின. ஆயினும் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்க்கும் வழக்கம் நேர்காணல்களிலும் தரவரிசைகளிலும் மறையவில்லை. பட்டியலும் இல்லை, நெருக்கடியும் குறையவில்லை என்ற இந்த இடைவெளியில்தான் மாணவர் சிக்கிக்கொள்கிறார்.

வேட்டை இதழ்கள் இயங்கும் விதம்

மரபான ஆய்விதழ் வாசகரிடமிருந்தோ நூலகத்திடமிருந்தோ சந்தா பெற்று இயங்கியது. இணையம் வந்தபின், எவரும் கட்டணமின்றிப் படிக்கத்தக்க திறந்தநிலை இதழ்கள் தோன்றின. அவற்றுள் பல, வெளியீட்டுச் செலவைக் கட்டுரையாளரிடமோ அவரது நிறுவனத்திடமோ பெறுகின்றன. இந்த முறை அடிப்படையில் நேர்மையானதே. வறிய நாட்டு வாசகருக்கும் அறிவு கிடைக்க வழி செய்வது. ஆனால், வாசகர் பணம் தரும்போது இதழுக்குத் தரத்தைக் காக்கும் கட்டாயம் உண்டு. எழுதுபவரே பணம் தரும்போது, வந்த கட்டுரையை எல்லாம் ஏற்றுக்கொள்ளும் ஆசை பிறக்கிறது. அந்த ஆசையையே தொழிலாக்கிக்கொண்ட இதழ்களை, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல் 2010-இல் ‘வேட்டை இதழ்கள்’ என்று பெயரிட்டு அழைத்தார்.

இவற்றின் வேலையை அம்பலப்படுத்த, ‘சயன்ஸ்’ இதழின் செய்தியாளர் ஜான் பொஹானன் ஒரு சோதனை செய்தார். அடிப்படைப் பிழைகள் மலிந்த, முழுக்கப் புனையப்பட்ட ஒரு மருத்துவக் கட்டுரையைப் பொய்ப்பெயர்களில் 304 திறந்தநிலை இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. 98 மட்டுமே நிராகரித்தன. 2013 அக்டோபரில் வெளிவந்த அந்த அறிக்கையில், இத்தகைய வெளியீட்டாளர்கள் மிகுதியாக உள்ள நாடாக இந்தியா காணப்பட்டது. 2015-இல் ஷென், பியோர்க் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு, வேட்டை இதழ்களில் 2010-இல் 53,000-ஆக இருந்த கட்டுரைகள் 2014-இல் 4,20,000-ஆகப் பெருகியதாக மதிப்பிட்டது. அவற்றில் எழுதியோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர்கள்.

இது நீதிமன்றம் வரை சென்ற விவகாரமும்கூட. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2016-இல் வழக்குத் தொடுத்தது. மதிப்பாய்வு நடப்பதாகத் தவறாகச் சொன்னது, கட்டணத்தை முன்கூட்டியே தெரிவிக்காதது ஆகியவை குற்றச்சாட்டுகள். 2019-இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் அதிகமான தொகையைச் செலுத்துமாறு தீர்ப்பளித்தது.

இவ்வகை இதழ்கள் விரிக்கும் வலை எளிமையானது. “மதிப்பிற்குரிய பேராசிரியரே” என்று மாணவரையே விளித்து ஒரு மின்னஞ்சல் வரும். மூன்றே நாளில் மதிப்பாய்வு, ஒரு வாரத்தில் வெளியீடு, சான்றிதழ் இலவசம் என்று ஆசை காட்டும். கட்டுரையை அனுப்பியதும் ஏற்பு வரும். கூடவே கட்டணச் சீட்டும் வரும். ஐயம் கொண்டு திரும்பப் பெற முயன்றால், அதற்கும் ஒரு தொகை கேட்கப்படும். பணம் தர மறுத்தாலும் கட்டுரை இணையத்தில் ஏறிவிடுவதுண்டு. ஓரிடத்தில் வெளியானதை மற்றோர் இதழ் ஏற்காது என்பதால், பல ஆண்டு உழைப்பு அங்கேயே முடங்கிவிடும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியைப் பார்த்த பிள்ளைகளே பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்கின்றனர். எச்சரிக்கை செய்ய அவர்களைச் சுற்றி ஆள் இல்லை.

மதிப்பாய்வு என்ன செய்கிறது?

விரைவாக ஏற்கப்படுவதைப் பெருமையாகக் கருதும் இன்றைய மாணவர், சீனிவாச இராமானுஜனின் முதல் கட்டுரையின் கதையை அறிய வேண்டும். பெர்னூலி எண்கள் குறித்த அக்கட்டுரை 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. இராமானுஜனின் வழிமுறைகள் புதியவை. எழுத்தோ மிகச் சுருக்கமானது. படிப்போர் பின்தொடர முடியாதது. இதழின் ஆசிரியர் நாராயண ஐயங்கார் அதைத் தெளிவுபடுத்தச் சொல்லி மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பினார். மேதையின் கட்டுரைக்கும் அந்தச் சலிப்பான உழைப்பு தேவைப்பட்டது.

மதிப்பாய்வின் பயன் இதுவே. அத்துறையை அறிந்த, கட்டுரையாளரோடு தொடர்பில்லாத இருவரோ மூவரோ கையெழுத்துப்படியைப் படித்து, அளவீடு சரியா, முடிவு தரவுகளிலிருந்து வருகிறதா, முன்னோர் ஆய்வுகள் விடுபட்டுள்ளனவா என்று கேட்பார்கள். சில மாதங்கள் ஆகலாம். நிராகரிப்பும் வரலாம், நல்ல இதழ்களில் நிராகரிப்பே மிகுதி. ஆனால் அந்த மறுப்புக் கடிதத்தில் கிடைக்கும் குறிப்புகள் பல நேரங்களில் நெறியாளரிடமும் கிடைக்காதவை. மூன்று நாளில் கிடைக்கும் ஏற்பு, இந்தப் பயனை முற்றிலும் பறித்துவிடுகிறது.

முதல் கேள்வி: யார் படிக்க வேண்டும்?

எந்த இதழ் பெரியது என்று கேட்பதற்கு முன், இந்த முடிவை யார் படித்தால் பயன் என்று கேட்பதே முறை. ஒரே மரக்காணத்தில் செய்யப்படும் நான்கு ஆய்வுகள் நான்கு வெவ்வேறு திசைகளில் செல்ல வேண்டியவை.

உப்புப் பாத்தியில் இதுவரை விவரிக்கப்படாத ஒரு பாக்டீரியா கிடைத்ததாகக் கொள்வோம். பாக்டீரியாப் பெயரிடலுக்கான பன்னாட்டு நெறிமுறையின்படி, அதன் மாதிரி வளர்ப்பு இரு நாடுகளிலுள்ள இரு சேமிப்பகங்களில் வைக்கப்பட வேண்டும். அதன் விவரணை ‘இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் சிஸ்டமேட்டிக் அண்ட் எவல்யூஷனரி மைக்ரோபயாலஜி’ இதழில் வெளிவர வேண்டும், அல்லது வேறிடத்தில் வெளியான பெயர் அவ்விதழின் ஏற்புப் பட்டியலில் சேர வேண்டும். அப்போதுதான் அந்நெறிமுறையின்படி அப்பெயர் செல்லும். வேறு ஏதோ ஓர் இதழில் விரைவாக அச்சிட்டுவிட்டு அதோடு நின்றுவிட்டால், அந்த உயிரினத்துக்குச் செல்லத்தக்க பெயரே கிடைக்காது.

கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே எந்தப் பறவை எப்போது, எத்தனை வந்தது என்ற தரவு வனத்துறைக்கும் உள்நாட்டுப் பறவையியலாளர்களுக்கும் உடனே தேவை. அதற்கு 1886 முதல் வெளிவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழோ, கோயம்புத்தூரிலிருந்து வெளிவரும் ‘ஜர்னல் ஆஃப் திரெட்டன்ட் டாக்ஸா’ போன்ற திறந்தநிலை இதழோ பொருத்தமானது. தாக்கக் காரணி அதிகமுள்ள அயல்நாட்டு இதழில் சந்தாச் சுவருக்குப் பின்னால் வெளியானால், அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டிய அலுவலர் படிக்கவே முடியாமல் போகலாம்.

உப்பளத் தொழிலாளர்களின் உடல்நலம் வேறு வகை. தமிழக உப்பளங்களில் வெப்பத்துக்கும் சிறுநீரகச் செயல்பாட்டுக்கும் உள்ள தொடர்பைச் சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்துள்ளனர். இத்தகைய ஆய்வு, மருத்துவர்கள் தேடும் பன்னாட்டு அட்டவணைகளில் இடம்பெற்ற இதழில் வர வேண்டும். ஏனெனில், தொழிற்சட்டத்தில் ஓய்வு நேரமும் நிழலும் குடிநீரும் கேட்பதற்கான சான்றுகளைத் திரட்டுவோர் அந்த அட்டவணைகளிலேயே தேடுவர். அங்கே இல்லாத கட்டுரை, அவர்களைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. தொழிலாளி தம் வேலையை நிறுத்தி இரத்தமும் சிறுநீரும் கொடுத்திருக்கிறார். அன்றைய கூலியில் ஒரு பகுதியைக்கூட இழந்திருக்கலாம். அந்த ஆய்வைக் காசு கொடுத்துப் போலி இதழில் வெளியிடுவது மாணவரின் இழப்பு மட்டுமன்று. கொடுத்தவருக்குச் செய்யும் நம்பிக்கைத் துரோகமும் ஆகும்.

நான்காவது, வரலாறு. சங்க இலக்கியம் கூறும் எயிற்பட்டினமே மரக்காணம் என்று அறிஞர்கள் கருதுவர். இது போன்ற ஆய்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ 1902-இலேயே தொடங்கியது, நா. வானமாமலை 1969-இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கியது. தமிழ் வாசகருக்கான ஆய்வு தமிழில் வருவதே முறை. தமிழ் ஆய்விதழ்களிலும் போலிகள் புகுந்துள்ளன என்பதால், அங்கும் அதே விழிப்பு வேண்டும்.

அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

இதழின் பெயரை மட்டும் நம்பக் கூடாது. புகழ்பெற்ற இதழின் பெயரையும் எண்ணையும் திருடி, அதே போன்ற போலி இணையத்தளம் அமைக்கும் வழக்கம் உண்டு. ஆகவே, மின்னஞ்சலில் வந்த இணைப்பைச் சொடுக்காமல், ஸ்கோபஸ் போன்ற அட்டவணையின் சொந்தத் தளத்துக்குச் சென்று இதழைத் தேடி, அங்கிருந்தே இதழின் முகவரிக்குச் செல்ல வேண்டும். திறந்தநிலை இதழ்களுக்குத் தனியாக ஓர் உலகளாவிய கோப்பகமும் உள்ளது.

ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பது தரச் சான்று அன்று. அது வெறும் அடையாள எண். விண்ணப்பிக்கும் எந்தத் தொடர் வெளியீட்டுக்கும் கிடைக்கக்கூடியது. அதேபோல் ‘உலகத் தாக்கக் காரணி’ என்ற தோரணையில் பலர் விற்கும் எண்களுக்கும் பொருளில்லை. தாக்கக் காரணி என்பது, ஓர் இதழ் முந்தைய இரண்டாண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதைக் காட்டும் கணக்கு. அதை ஆண்டுதோறும் வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம். அது இதழைப் பற்றிய சராசரி; உங்கள் கட்டுரையின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஆசிரியர் குழுவில் உள்ளோரின் பெயர்களை அவரவர் பல்கலைக்கழகத் தளத்தில் சரிபார்க்கலாம். தம் பெயர் பயன்படுத்தப்படுவதே தெரியாதவர்களும் அவற்றில் இருப்பதுண்டு. கடந்த இரண்டு இதழ்களை எடுத்து ஐந்து கட்டுரைகளையாவது படித்துப் பார்க்க வேண்டும். பொறியியலும் சித்த மருத்துவமும் வணிகவியலும் ஒரே இதழில் அடுத்தடுத்து இருந்தால் எச்சரிக்கை தேவை. எழுத்துப் பிழைகள், மறைக்கப்பட்ட கட்டணம், அலுவலக முகவரி இல்லாமை ஆகியவையும் அடையாளங்கள்.

இவற்றையெல்லாம் விட எளிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டியுள்ள முன்னாய்வுகள் எந்த இதழ்களில் வந்தன என்று பாருங்கள். நீங்கள் படித்துப் பயன்பெற்ற இதழே உங்கள் வாசகரும் படிக்கும் இதழ். உங்கள் மேற்கோள் பட்டியலில் ஒருமுறைகூட இடம்பெறாத இதழுக்கு ஏன் அனுப்ப வேண்டும்?

அட்டவணையில் இருப்பதும் முழுக் காப்பு அன்று. விலி நிறுவனத்தின் ஹிந்தாவி இதழ்கள் பல மதிப்புமிக்க அட்டவணைகளில் இருந்தவை. கூலிக்குக் கட்டுரை எழுதித் தரும் கும்பல்கள் அவற்றின் சிறப்பிதழ்களுக்குள் புகுந்ததால், 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஹிந்தாவி என்ற பெயரையே நிறுவனம் கைவிட முடிவு செய்தது. ஆகவே கடைசி அளவுகோல் எப்போதும் படித்துப் பார்ப்பதே.

கட்டணமும் மாற்று வழிகளும்

நேர்மையான இதழ்களிலும் கட்டணம் மலைக்க வைப்பதாக உள்ளது. ‘நேச்சர்’ இதழ் 2021-இல் திறந்தநிலை வெளியீட்டுக்கு நிர்ணயித்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு இலட்சம் ரூபாய்க்கு மேல். வறிய நாடுகளுக்கு வழங்கப்படும் முழு விலக்கு இந்தியருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. எனினும் வழிகள் உள்ளன. சி.வி. இராமன் 1934-இல் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் இதழ்கள் கட்டுரையாளரிடம் வெளியீட்டுக் கட்டணம் பெறுவதில்லை. சந்தா முறையில் இயங்கும் இதழ்கள் பலவும் அப்படியே. அவற்றில் வெளியாகும் கட்டுரையின் ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கப் பல வெளியீட்டாளர்கள் அனுமதிக்கின்றனர். பணம் தராமலேயே திறந்தநிலையில் வைக்கும் வழி இது; நம் மாணவர்கள் இதை மிகக் குறைவாகவே பயன்படுத்துகின்றனர்.

மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஏற்ற ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டம், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300 அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டுள்ளது. இதனால் படிப்பது எளிதாகும். நல்ல இதழைப் படிப்பவரே நல்ல இதழை அடையாளம் காண்பார். ஆனால் தனியார் கல்லூரிகள் இப்போதைக்கு இதன் வெளியே உள்ளன.

உள்நாட்டு இதழில் வெளியிட்டால் உலகம் கவனிக்காது என்ற அச்சத்துக்கும் இராமனே விடை. 1928 பிப்ரவரி 28-இல் கண்ட ஒளிச்சிதறலை, அவர் 1926-இல் தாமே தொடங்கிய ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழில் விரிவாக வெளியிட்டு, படிகளை உலகெங்கும் அனுப்பினார், கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழுக்கும் சிறு குறிப்பு அனுப்பினார். மாஸ்கோவில் அதே நிகழ்வைக் கண்டவர்களின் கட்டுரை பின்னரே வெளிவந்தது. விரிவான செய்தி எங்கே, விரைவான அறிவிப்பு எங்கே என்று அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

கல்லூரிகளின் கடமை

பட்டியலைக் கைவிட்டது கொள்கையளவில் சரியே. ஓர் அலுவலகத்தில் அமர்ந்து உலகின் எல்லா இதழ்களையும் தரம் பிரிப்பது நடவாது. ஆனால் பொறுப்பைக் கல்லூரிக்கு மாற்றிவிட்டுக் கல்லூரி அதை மாணவருக்கு மாற்றிவிட்டால், பழைய நிலையைவிட மோசமாகும். ஒவ்வொரு துறையிலும் மூத்த ஆய்வாளர்கள், நூலகர் ஆகியோர் அடங்கிய சிறு குழு அமைய வேண்டும். கட்டுரை அனுப்பப்படும் முன் அக்குழு இதழைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். முனைவர் பட்டப் பாடத்திட்டத்தில் ஆய்வு, வெளியீட்டு நெறிமுறை என்ற தாள் ஏற்கனவே கட்டாயமாக உள்ளது. அதைத் தேர்வுக்கான பாடமாக மட்டும் முடிக்காமல், மாணவரின் சொந்தக் கட்டுரையை வைத்தே பயிற்சியாக நடத்தலாம்.

எண்ணிக்கையால் அளப்பதும் மாற வேண்டும். இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிடலாகாது என்ற சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2013-இலேயே வெளிவந்தது. தேசிய நிறுவனத் தரவரிசையும் 2025-இல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்குக் குறைமதிப்பெண் அளிக்கத் தொடங்கியிருக்கிறது. நேர்காணலில் “எத்தனை கட்டுரைகள்?” என்று கேட்பதற்குப் பதிலாக, “உங்கள் சிறந்த இரண்டு கட்டுரைகளைத் தாருங்கள், படிக்கிறோம்” என்று தேர்வுக் குழு சொன்னால், வேட்டை இதழ்களின் சந்தை பெருமளவு படுத்துவிடும்.

பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் குவித்தபின், மழைக்கு முன் ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடாவிட்டால் ஒரே இரவில் கரைந்துபோகும் என்பது உப்பளத்தில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும். விளைவித்த உழைப்பில் பாதி, அதைச் சேர்த்துவைக்கும் இடத்தில் இருக்கிறது. ஆய்வுக்கும் இது பொருந்தும். கண்டறிந்ததை நம்பத்தக்க இடத்தில் வைப்பது, கண்டறிவதன் ஒரு பகுதியே.